மூன்று பிரதிகளும் ஒரு சுருட்டும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள்கூட யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இதை என் மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். ஆனாலும் உண்மை. அலுவலகத்தில் கோபம் வந்தால் அதற்கென்று காகிதம் இருந்தது. 'விண்ணப்பம் முழுமையாக இல்லை. திருப்பி அனுப்பவும்' என்று ஓரத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட்டால் முடிந்தது. எதிராளிக்கு மூன்று மாதம் தூக்கம் போகும். எனக்கு ரத்த அழுத்தம் ஏறாது. பணி ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் கோபக்காரன் என்று ஊருக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஓய்வுக்குப் பின் முதல் நான்கு மாதம் வீட்டைச் சீரமைத்தேன். மளிகைச் சாமான் டப்பாக்களுக்கு வரிசை எண் கொடுத்தேன். ஐந்தாவது மாதம் சரோஜா, "என்னங்க, வெளிய எங்கயாவது போலாம். நீங்க வீட்டுலயே இருந்தா நான்தான் வெளிய போகணும்" என்றாள். அப்படித்தான் டிஸ்க் கோல்ஃப் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. தூரத்தில் ஒரு கம்பம். அதில் சங்கிலிகள் தொங்கும். சங்கிலிக்கடியில் இரும்புக் கூடை. வட்டு கூடைக்குள் விழும்வரை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். இப்படிப் பதினெட்டுக் கூடை. எல்லாவற்றையும் சேர்த்துக் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். கேட்பதற்கு எளிமையாக இருக்கும். (எனக்கும் அப்படித்தான் இருந்தது லா.)

ஆடுகளம், ஈப்போவிலிருந்து கம்பார் போகும் பழைய சாலையில், ஒருகாலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். முக்கால்வாசி செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாறிவிட்டது. மிச்சத்தில் முப்பது நாற்பது நிரை ரப்பர் மரங்களை நிழலுக்காக விட்டுவைத்து, நடுநடுவே கூடைகளை நட்டிருந்தார்கள். என் அப்பா இதே மாதிரி ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்தைத் தொட்டுக் கூலி வாங்கினார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது மரத்தைத் தொட்டு அவமானம் வாங்கினேன்.

சரோஜாவுக்கு அப்படியில்லை. அவள் முப்பத்திரண்டு வருடம் மருத்துவமனைத் தாதி. பாதரசத் தெர்மாமீட்டர் காலத்துத் தாதி. காய்ச்சல் பார்ப்பதற்கு முன் கண்ணாடிக் குழாயை மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டி உதறுவார்களே, அந்த உதறல். முப்பத்திரண்டு வருடம், தினம் நூறு முறை. அந்த உதறலில் வட்டை விட்டால் அது யாருக்கோ அவசரச் செய்தி கொண்டுபோவது மாதிரி நேராகப் போய்க் கூடை ஓரத்தில் இறங்கும். அவளுக்குக் கோபமும் வராது. "மரத்துல பட்டா உனக்கு எரிச்சல் வராதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டிஸ்க் விழுந்த எடத்துக்கு நடந்து போவேன். அங்கேருந்து எறிவேன்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

இதில் விவரம் போதவில்லை என்று அப்போது நினைத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய என்னை இப்போது சந்தித்தால், விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

முதல் ஆறு மாதத்தில் என் சாதனைகள்: ஒரு கூடையை உதைத்தேன், கால் பெருவிரல் நகம் போனது. ஒரு மரத்திடம் சத்தம் போட்டேன், பின்னால் வந்த குழுவினர் என் மனைவியைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக் குறுக்கிட்டார்கள். ஒன்பதாம் கூடைக்குப் பக்கத்தில், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை ஒன்று இருக்கிறது. அதில் வட்டு விழுந்தது. அந்த ஆத்திரத்தில் இன்னொரு வட்டையும் எறிந்தேன். பிறகு பையையும் எறிந்தேன். பைக்குள் கார்ச்சாவி இருந்தது. (அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

இந்த நிலையில்தான் லூமுட் வந்தது. எங்கள் கிளப்பில் இரட்டையர் போட்டி ஒன்று வைத்தார்கள். வெல்லும் ஜோடி, கிளப்பின் சார்பில் லூமுட்டில் நடக்கும் போட்டிக்குப் போகும். இரண்டு நாள் கடற்கரை, ஒருநாள் பங்கோர் தீவு. முக்கியமாக, முதுகில் பெயர் அச்சடித்த நீலச் சட்டை. சரோஜா அந்தச் சட்டையை அறிவிப்புப் பலகைப் படத்தில் பார்த்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

"முப்பத்திரண்டு வருஷம் எல்லாரும் 'சிஸ்டர், சிஸ்டர்'னுதான் கூப்பிட்டாங்க. ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. முதுகுல சரோஜான்னு போட்டுக்கிட்டு ஒருநாள் நடக்கணும்ங்க" என்றாள்.

லூமுட்டில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் பண்ணி, வருகிறோம் என்றும் சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க நல்லா எறிய வேணாம். டென்ஷன் ஆகாம இருந்தாப் போதும். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் ரோஸியைச் சேத்துக்குறேன்" என்றாள்.

என்னைப் பார்த்து முடியாதா என்று கேட்டது அதுவே முதல் முறை. அன்றே உட்கார்ந்து 'கோபக் கட்டுப்பாட்டு நடைமுறை' ஒன்றை வரைந்தேன்.

எட்டு படிகள். எரிச்சல் தோன்றியவுடன் அசையாமல் நிற்க வேண்டும். கண்களை மூடி, மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, வாயால் ஆறு எண்ணும்வரை ஊத வேண்டும். இது ஐந்து முறை. அடுத்து, எரிச்சலின் காரணத்தை வகைப்படுத்த வேண்டும்: அ பிரிவு காற்று, ஆ பிரிவு மரம், இ பிரிவு தன் பிழை, ஈ பிரிவு மனைவி. வகைப்படுத்தியதைக் குறிப்பேட்டில் நேரத்துடன் பதிய வேண்டும். பிறகு கடந்த எறியை 'முடிக்கப்பட்டது' என்று மனதுக்குள் முத்திரை குத்த வேண்டும். இலக்கைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு சொல்லை மூன்று முறை சொல்ல வேண்டும் (என் சொல் 'நிதானம்'), எட்டாவதாக எறிய வேண்டும். அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பழைய அலுவலக அடையாள அட்டையின் நாடாவில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது ஒரு நிமிடம் ஐம்பது வினாடி ஆனது.

சரோஜா அட்டையை முழுவதும் படித்தாள். "ஈ பிரிவு நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

போட்டியன்று எங்களோடு ஆடிய ஜோடி ஜோசப்பும் அவர் மனைவி ரோஸியும். ஜோசப் தெலுக் இந்தானில் லாரிப் பட்டறை வைத்திருந்து, பிள்ளைகளுக்காக ஈப்போவுக்குக் குடிவந்தவர். வாய் ஓயாதவர், நல்ல மனிதர். ரோஸி தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக ஆடுகளத்துக்கு வருகிறவர். சரோஜாவுக்கு உயிர்த்தோழி. ஆட்ட முறை மாற்று எறி. ஒரு ஜோடிக்கு ஒரே வட்டு. ஒருமுறை நான், அடுத்த முறை அவள். நான் கெடுப்பதை அவள் சரிசெய்ய, அவள் சரிசெய்ததை நான் மறுபடி கெடுக்கலாம். எங்கள் திருமணத்துக்கு ஏற்ற ஆட்டம்.

முதல் பதினொரு கூடை பிரச்சினை இல்லாமல் போயிற்று. பன்னிரண்டில் என் வட்டு மரத்தில் மோதி, எனக்குப் பின்னாலேயே வந்து விழுந்தது. சரோஜா எறிந்தாள். அடுத்து நான். முன் எறியின் எரிச்சல் இன்னும் தீரவில்லை. அட்டையைப் பார்த்தேன். அசையாமல் நின்றேன். கண்களை மூடினேன்.

மூன்றாவது மூச்சில் ஜோசப்பின் குரல் கேட்டது. "அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு...?"

"இல்ல ஜோசப். அது நடைமுறை."

"எவ்ளோ நேரம்?"

"இப்பதான் ரெண்டாவது படி."

குறிப்பேட்டில் 'ஆ பிரிவு, 10.42' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மூவரும் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். எறிந்தேன். நல்ல எறி. பெருமையாகத் திரும்பினேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ரோஸி மெதுவாக. "ஒரு எறிக்கு முப்பது செகண்டுதானே ரூலு?"

விதிநூலை நான் மூன்று முறை படித்தவன். எறிபவர் தயாரான பிறகுதான் முப்பது வினாடி தொடங்குகிறது என்றும், நடைமுறை முடியும்வரை எறிபவர் தயாராகவில்லை என்றும், முழுமை பெறாத கோப்புக்குக் காலக்கெடு கிடையாது என்றும் விளக்கினேன். இந்த விளக்கம் நான்கு நிமிடம் நடந்தது.

"சரிண்ணே, சரிண்ணே," என்றார் ஜோசப். "ரூலு உங்களுக்குத்தான் தெரியும். நாங்க ஒண்ணும் சொல்லல. போலாம் லா, வெயில் ஏறுது."

விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்தது எனக்குள் முள்ளாகத் தைத்தது. நான் சலுகையில் வாழ்ந்தவன் இல்லை. இந்த முள்ளை நினைவில் வையுங்கள். பதினேழாம் கூடையில் இது வேலை செய்யும்.

பதினாறு முடிந்தபோது நாங்கள் இரண்டு எறி முன்னிலையில் இருந்தோம். சரோஜா தொப்பியைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் உள்ளுக்குள் லூமுட் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது தெரிந்தது.

பதினேழாம் கூடைக்கு இடப்பக்கம், நிரையின் கடைசி மரத்தடியில், தோட்டக் காலத்து முனியாண்டி கோவில் இருக்கிறது. தகரக்கூரை, குட்டைச் சுவர், மீசையோடு முனியாண்டி, முன்னால் சூலம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகள் போய்விட்டன. கோவில் மட்டும் அங்கேயே நிற்கிறது. கிளப் விதிப்படி கோவில் வளாகம் எல்லைக்கு வெளியே, ஆட்டக்காரர்கள் பேச்சில் 'ஓ.பி.'. வட்டு உள்ளே போனால் ஒரு எறி அபராதம். சுவருக்கு வெளியிலிருந்து ஆட்டத்தைத் தொடரலாம். கோவிலிலிருந்து கூடை பக்கம்தான்.

முதல் எறி என்னுடையது. வட்டு என் கையை விட்டபோது வலப்பக்கம் போகும் உத்தேசத்தில்தான் இருந்தது. நடுவழியில் மனதை மாற்றிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்து, மரங்களுக்கிடையே மறைந்தது.

"கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றாள் சரோஜா.

"இல்லை. புதர்."

விதிப்படி, வட்டைத் தேட மூன்று நிமிடம். அதற்குள் அகப்படாவிட்டால் அது தொலைந்த வட்டு. ஓர் எறி அபராதம், அதற்கும் மேல் பழைய இடத்துக்கே திரும்பிப்போய் மறுபடி எறிய வேண்டும். கைக்கடிகாரத்தில் நிறுத்தக் கடிகாரத்தை நானே ஓடவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) கோவிலுக்கு வெளியே இருந்த புதரில் நால்வரும் தேடினோம். நான் முழங்கால் போட்டுத் தேடினேன். அந்தப் புதர் செவ்வெறும்புகளின் வீடு. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள், கடித்தால் எந்த மொழியிலும் ஒரே சத்தம்தான் வரும். அவை என் காற்சட்டைக்குள் குடிபுகத் தொடங்கின. கடிகாரம் மூன்று நிமிடம் என்று கூவியது.

"உள்ள பாத்துட்டு வாங்கன்னா கேக்க மாட்டேங்குறீங்க" என்றாள் சரோஜா.

காலணியைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் போனேன்.

அங்கே ஒரு பெண்மணி கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், மஞ்சள் சேலை. பிறகு தெரிந்துகொண்டேன், அவர் பாக்கியம் அக்கா. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கோவிலைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு ஒரு மகன். படித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை இல்லை. அன்று அவர் கண்ணை மூடி, 'முனீஸ்வரா, இன்னைக்கு நீ எனக்கு ஒரு பதில் சொல்லியே ஆகணும்' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் திறந்தபோது, முனியாண்டியின் காலடியில், வானத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு வந்து விழுந்திருக்கிறது.

வானத்திலிருந்து தட்டு வந்தால் என்ன செய்வது? பாக்கியம் அக்கா செய்ய வேண்டியதைச் செய்திருந்தார். நான் உள்ளே போனபோது என் வட்டின்மேல் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு எலுமிச்சை. நடுவில் கற்பூரம் நின்று எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உருகி வழிந்துகொண்டிருந்தது.

அது என் மிகச் சிறந்த வட்டு. எனக்குள் எழுந்தது எரிச்சல் இல்லை, அதற்கு மேலே. ஆனால் நான் கத்தவில்லை. சரோஜாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் படி: அசையாமல் நின்றேன். இரண்டாம் படி: கண்களை மூடினேன். மூக்கால் இழுத்தேன். நிறுத்தினேன். வாயால் 'உஸ்ஸ்ஸ்' என்று ஊதினேன். அதே நேரத்தில் எறும்புகள் தொடையைத் தாண்டின. உடம்பு நடுங்கத் தொடங்கியது. நடைமுறையில் எறும்புக்குப் பிரிவு இல்லை. மூச்சை இன்னும் பலமாக இழுத்து, இன்னும் பலமாக ஊதினேன்.

"அப்பா! வந்துட்டியா!" என்று ஒரு குரல்.

தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது.

கண்ணைத் திறந்தேன். பாக்கியம் அக்கா என் காலடியில் இருந்தார். என் கையில் வேப்பிலை இருந்தது. எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது.

சுவருக்கு வெளியே நின்ற சரோஜா, "அக்கா, அக்கா, அது என் வீட்டுக்காரர்" என்றாள்.

பாக்கியம் அக்கா திரும்பாமலேயே, "இப்ப அவரு உன் வீட்டுக்காரர் இல்லம்மா. தள்ளி நில்லு. செருப்பக் கழட்டு" என்றார். பிறகு என்னிடம், "சாமி, எம்மவனுக்கு வேல கெடைக்குமா கெடைக்காதா? ரெண்டு வருஷமா எழுதிப் போடுறான் சாமி, ஒரு எடத்துலயும் கூப்புட மாட்டேங்குறான். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு!"

அந்த நேரத்தில் ஓர் எறும்பு, எந்த ஓர் அதிகாரியும் தாங்கக்கூடாத இடத்தில் கடித்தது.

கத்தினேன். காலையிலிருந்து அடக்கியது, முப்பத்து நான்கு ஆண்டுகள் அலுவலகத்தில் அடக்கியது, எல்லாம் ஒன்றாக வந்தது. ஆனால் மனிதனுக்கு ஆத்திரத்தில் புதிய சொற்கள் வராது, பழகியதுதான் வரும்.

"பாரத்த முழுசா எழுதினானா? எல்லாக் கட்டத்தையும் எழுதினானா? மூணு காப்பி எடுத்தானா? ஐ.சி. கார்டு காப்பி ரெண்டு பக்கமும் வெச்சானா? கையெழுத்துப் போட்டானா? எதுவும் இல்லாம இங்க ஏன் வந்தே!"

சூலத்தில் கட்டியிருந்த மணி அதிர்ந்தது என்று ஜோசப் இன்றும் சொல்கிறார். (காற்றுதான்.) அவர் வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் கிறிஸ்டியன்தாண்ணே," என்றார் பிறகு, "இருந்தாலும் அப்ப கும்பிட்டுக்கிட்டேன். ரோஸிகிட்ட சொல்லாதீங்க." ரோஸி அவருக்குப் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை.

பாக்கியம் அக்கா கண்ணீரோடு எழுந்து, "மூணு காப்பி, ரெண்டு பக்கமும்" என்று சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு சுருட்டை வைத்தார். முனியாண்டிக்குப் படைத்த சுருட்டு. அதைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடப்போன இடைவெளியில், நான் ஒரு கையில் சுருட்டோடும் மறுகையில் ஓட்டை விழுந்த வட்டோடும் வெளியே வந்தேன். நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

கடிகாரம் பதினொரு நிமிடம் காட்டியது.

இங்கேதான் முள் வேலை செய்தது.

"ஓ.பி.ண்ணே," என்றார் ஜோசப், மரியாதையான குரலில். "ஒரு எறி பெனல்டி. இங்கேருந்து அக்கா எறியட்டும். கூடை பக்கந்தானே."

சரோஜா ஏற்கெனவே பையிலிருந்து வேறு வட்டை எடுத்துச் சுவரோரம் நின்றுவிட்டாள். ஒரு எறி அபராதம் போனாலும் இன்னும் ஒன்று முன்னிலை இருக்கும். அவள் முகத்தில் அந்த நீலச் சட்டை தெரிந்தது.

"முடியாது" என்றேன்.

"என்ன முடியாது?"

"மூணு நிமிஷம் தாண்டித்தான் வட்டைக் கண்டோம். மூணு நிமிஷத்துல கண்டெடுக்காத வட்டு தொலைந்த வட்டு. மறுபடி தொடக்கத்துலேருந்து எறியணும்."

சரோஜா என் கையைப் பார்த்தாள். "வட்டு உங்க கையில இருக்கு."

"சட்டப்படி இல்லை."

"கற்பூர வாசன அடிக்குதுங்க!"

"அது வேற விஷயம்."

"அண்ணே, யாரும் கேக்கல," என்றார் ரோஸி. "நாங்களே சொல்றோம், பரவால்ல."

"பன்னிரண்டாம் கூடையில நீங்க பரவாயில்லைன்னு விட்டது போதும்மா. எனக்குச் சலுகை வேண்டாம்."

மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் இருக்கும் பொருள் இல்லாத பொருள் என்று வாதாடி வென்றேன். என் பணிக்காலத்திலேயே இவ்வளவு சுத்தமான வெற்றி கிடைத்ததில்லை. சரோஜா தொடக்க மேடைவரை திரும்பி நடந்தாள். எறிந்தாள். அடுத்த எறி என்னுடையது. அப்போது எனக்குள் துளி கோபம் இல்லை. மனம் காலியான கோப்புத் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. அந்தத் தெளிவோடு எறிந்து, நேராக ஒரு ரப்பர் மரத்தின் நடுவில் அடித்தேன். ஆறு எறியில் முடித்தோம். அவர்கள் மூன்று.

பதினெட்டாம் கூடையில் சரோஜா உதறிய உதறலில் வட்டு கூடைக்கு அருகில் போய் நின்றது. நானும் சங்கிலியில் சரியாகப் போட்டேன். ஜோசப்பும் ரோஸியும் அதே எண்ணிக்கையில் முடித்தார்கள். ஓர் எறியில் தோற்றோம்.

ஜோசப் எங்கள் கையைக் குலுக்கும்போது மகிழ்ச்சியாகவே இல்லை. "சாமிய தோக்கடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்றார்.

சரோஜாவும் நானும் காரில் ஈப்போவுக்குத் திரும்பினோம். கோப்பெங் தாண்டி, சுண்ணாம்புக்கல் மலைகள் தெரிய ஆரம்பித்தபோது, "முப்பத்து நாலு வருஷம் ஊருக்கெல்லாம் பண்ணது பத்தாதுன்னு, எனக்கும் பண்ணிட்டீங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. லூமுட்டுக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று தங்கையிடம் சொன்னபோதும் சத்தமில்லை. அட்டையில் ஈ பிரிவு என்று ஒன்று வைத்திருந்தேனே, மனைவி. உண்மையில் 'கணவன்' என்று அவள்தான் எனக்கு வைத்திருக்க வேண்டிய பிரிவு அது என்பது அன்று இரவுச் சாப்பாட்டில், அவள் தட்டை வைத்த விதத்தில் புரிந்தது. அட்டையை நாடாவோடு குப்பையில் போட்டேன். அதற்கு எந்த அனுமதியும் வாங்கவில்லை.

அடுத்த வருடம் அவள் ரோஸியோடு ஜோடி சேர்ந்தாள். வென்றார்கள். லூமுட்டுக்கு நானும் ஜோசப்பும்கூடப் போனோம், பை தூக்கிகளாக. படகுத்துறையில் அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். நீல முதுகில் வெள்ளை எழுத்தில் சரோஜா. யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் பின்னாலிருந்து, "காக் சரோஜா!" என்று (மலாயில் காக் என்றால் அக்கா) கூப்பிட்டு, கீழே விழுந்த தொப்பியை எடுத்துக் கொடுத்தார். சரோஜா அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தொப்பி தானாகத்தான் விழுந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

பாக்கியம் அக்காவின் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருடமாக அவன் எந்தப் பாரத்திலும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லையாம். திருப்பினான், எழுதினான், மூன்று பிரதி எடுத்தான், கூப்பிட்டார்கள். இதைச் சொல்ல எனக்கு எறும்பு தேவையில்லை. ஆனால் பாக்கியம் அக்காவிடம் அந்த வாதம் எடுபடாது. அவர் நாலு பேரிடம் சொல்ல, அவர்கள் நாற்பது பேரிடம் சொல்ல, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சரோஜாவும் ரோஸியும் ஆடப் போகும்போது, நான் கோவில் பக்கத்து ரப்பர் மரத்தடியில் ஒரு மடக்கு மேசையோடு உட்கார்கிறேன். ஓய்வூதியப் பாரம், பள்ளிப் பாரம், நில வரிப் பாரம் என்று வருகிறார்கள். குறையுள்ளவற்றின் ஓரத்தில் 'முழுமையாக இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டு, அங்கேயே உட்காரவைத்து நிரப்பச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். ஓட்டை விழுந்த ஆரஞ்சு வட்டைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் விபூதி வைத்திருக்கிறார்கள்.

சுருட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியின்மேல், ஒரு கண்ணாடி டம்ளருக்குள். பற்றவைக்காத அதே சுருட்டு, மூன்று வருடமாகிறது. தொலைபேசி நிறுவனத்தோடோ, பக்கத்து வீட்டு நாயோடோ என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், சரோஜா எழுந்துபோய் அதை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். மகள் வந்திருந்தால் அவளும் சேர்ந்துகொள்கிறாள். "அம்மா, சாமி மலையேறிடுச்சா?"

"இன்னும் இல்ல. மூணு காப்பி கேக்குது."

நான் சாப்பிட்டு முடிக்கிறேன். பிறகு சுருட்டை எடுத்துப்போய், டம்ளருக்குள் திருப்பி வைக்கிறேன். அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது: நான்தான் வைக்க வேண்டும்.